ஒடக்கான் கரட்டின் உச்சி

"அண்ணா, அந்த மலை மேல போய் அவர் என்னதான் பண்ணுவார்?"

மோகனப்ரியா இப்படிக் கேட்டதும் மகேந்திரனின் கையிலிருந்த காப்பி டம்ளர் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. தருண்குமாரின் கருமாதி முடிந்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பது எவ்வளவு நல்ல வழக்கம்! அவனும் அப்படியே நழுவியிருப்பான். காப்பிக்கு ஆசைப்பட்டு நின்றதில் மாட்டிக்கொண்டான்.

"என்னம்மா கேட்ட?"

"நாலு வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமை அவர் வீட்ல இருந்ததில்ல. விடியறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் சைக்கிளைக் கார் பின்னாடி கட்டிட்டுக் கிளம்பிடுவீங்க. கடைசி சனிக்கிழமை கூட அதுக்குத்தான் சண்டை போட்டேன். என்னை விட அந்த மலை பெரிசான்னு கேட்டேன். பதில் சொல்லல. திங்கட்கிழமை ஆபீஸ்ல..." அவள் நிறுத்திக்கொண்டாள். கணவன் ஆபீஸ் நாற்காலியிலேயே சாய்ந்து போனதை இன்னும் அவள் வாய்விட்டுச் சொல்லப் பழகவில்லை. "அங்க அப்படி என்ன இருக்கு? நீங்கதான் கூடவே இருந்தவர். சொல்லுங்க அண்ணா."

மகேந்திரன் கூடவே இருந்தவன்தான். ஆனால் மலையடிவாரம் வரைக்கும்தான்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால்தான் அவன் பட்ட பாடு புரியும். மகேந்திரனும் தருண்குமாரும் மைசூரில் கூர்கல்லி பக்கம் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். நாற்பதைத் தொட்டதும் டாக்டர் இருவரையும் நடக்கச் சொன்னார். தருணுக்கு நடப்பது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. ஒரே நாளில் இரண்டு கிராவல் சைக்கிள்கள் வந்து இறங்கின. ஹேண்டில் ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்திருக்கும். டயர் மட்டும் அகலம். தார் ரோடு, செம்மண், சரளைக்கல் எதில் வேண்டுமானாலும் போகும் என்று கடைக்காரர் சொன்னார். சைக்கிளைப் பற்றித்தான் சொன்னார், மகேந்திரனைப் பற்றிச் சொல்லவில்லை.

பாதையைக் கண்டுபிடித்தது தருண்தான். கொள்ளேகால், ஹனூர் தாண்டி, கௌதள்ளிக்குப் பக்கத்தில் ஒடக்கான் கரடு என்று ஒரு குன்று. ஒரு பக்கத்தில் லிங்கப்பனின் டீக்கடையோடு தார் ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து காட்டை ஒட்டி ஒரு வண்டித்தடம் மேலே ஏறி, உச்சியைத் தாண்டி, மறுபக்கம் கரட்டூர் என்ற சின்ன ஊரில் இறங்கும். இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். அவரவர் வேகத்தில் போய், கரட்டூர் பஸ் ஸ்டாப்பில் சந்தித்து, ஒன்றாகத் திரும்ப வேண்டும். இதுதான் திட்டம்.

முதல் ஞாயிறு, முதல் ஏற்றத்திலேயே மகேந்திரனுக்கு மூச்சு முட்டியது. அது போதாதென்று தடத்தின் நடுவில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது.

"நீ முன்னாடி போடா. நான் டயர்ல காத்து இறக்கிட்டு வந்துடறேன்" என்றான்.

மண் தடத்துக்குப் போகும் முன் டயரில் கொஞ்சம் காற்றை இறக்குவது இந்த சைக்கிள்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலை. இறக்கினால்தான் சரளையில் வழுக்காது. அதற்கு ஒரு நிமிடம் ஆகும். மகேந்திரன் லிங்கப்பன் கடைக்கே இறங்கி வந்து, பெஞ்சில் படுத்துக்கொண்டு காலை முழுக்க இறக்கினான். பிறகு லிங்கப்பனின் லக்கேஜ் ஆட்டோவில் சைக்கிளை ஏற்றி, குன்றைச் சுற்றிப் போகும் இன்னொரு தார் ரோட்டில் கரட்டூருக்கு முந்தைய மூங்கில் புதர் வரை போய் இறங்கினான். முகத்தில் கொஞ்சம் செம்மண்ணைப் பூசிக்கொண்டு, மூச்சிரைக்க மிதித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்ந்தான்.

தருண் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தான். சட்டை கசங்கவில்லை. நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. கையில் ஒரு பை நிறைய மலைநெல்லி. இவன் மனிதன்தானா என்று மகேந்திரன் வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனான்.

"வந்துட்டியாடா!" என்று தருண் ஓடிவந்து அவன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான். "நீ பெரிய ஆளுடா!"

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகள் எல்லாம் அப்படியேதான். தருண் ஒரு சட்டம் வைத்திருந்தான். காட்டுக்குள் போகும்போது போனை அணைத்துவிட வேண்டும்; எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், என்ன வேகம் என்று எதையும் பதிவு செய்யக்கூடாது; படம் எடுக்கக்கூடாது. "இயற்கையை அனுபவிக்கணும்டா, அளக்கக்கூடாது" என்பான். மகேந்திரன் அந்தச் சட்டத்துக்கு மனதாரக் கும்பிடு போட்டான்.

மேலே என்ன பார்த்தாய் என்று தருண் ஒரு நாளும் கேட்டதில்லை. தன் குட்டு அவனுக்குத் தெரிந்திருக்கும், நண்பனின் மானத்தை வாங்க வேண்டாம் என்று பெரிய மனது பண்ணி விட்டிருக்கிறான் என்று மகேந்திரன் நினைத்துக்கொள்வான். அப்படிப்பட்டவனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தான். அடுத்த ஞாயிறு சொல்லலாம், அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். கடைசியில் கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது. தருணின் சாவில் மற்றவர்களுக்கு இருந்த துக்கம் அவனுக்கும் இருந்தது. இந்த ஒரு துக்கம் அவனுக்கு மட்டும் கூடுதலாக இருந்தது.

இப்போது அந்த நண்பனின் மனைவி எதிரே நின்று பதிலுக்காகக் காத்திருந்தாள். கண்ணீர் வந்து வந்து அவள் முகமே மாறிப்போயிருந்தது.

"மேல ஒரு பாறை இருக்கும்மா" என்றான் மகேந்திரன்.

"பாறையா?"

"பெரிய தட்டைப் பாறை. அவன் எனக்கு முன்னாடியே ஏறிடுவான். நான் போறப்போ அதுல உக்காந்துட்டு இருப்பான். கொஞ்ச நேரம் பேசிட்டு இறங்குவோம்."

"என்ன பேசுவார்?"

உண்மையைச் சொல்ல அது கடைசி வாய்ப்பு. மகேந்திரன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"உன்னைப் பத்தித்தான்."

மோகனப்ரியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அது வேறு மாதிரி அழுகையாக இருந்தது. மறுநாள் அவள் மகேந்திரனின் மனைவி வினிதாவுக்கு போன் செய்து, நேற்று ராத்திரிதான் தூங்கினேன் அக்கா என்று சொன்னாளாம்.

"நல்ல காரியம் பண்ணினீங்க" என்றாள் வினிதா. அவளும் புருஷன் மலை ஏறுகிறவன் என்றே நம்பி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவன் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டவள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். சில மாதம் கழித்து மோகனப்ரியா ஒரு துணி மூட்டையோடு வந்தாள். பிரித்தால் உள்ளே ஒரு சின்னப் பளிங்குக் கல். தருணின் பெயரும் அதன் கீழே ஒரு சைக்கிளும் செதுக்கியிருந்தது.

"அந்தப் பாறை மேல இதை வச்சிடுங்க அண்ணா."

"கண்டிப்பாம்மா" என்று மகேந்திரன் வாங்கிக்கொண்டான். பரணில் பழைய பிரஷர் குக்கருக்குப் பக்கத்தில் இடம் இருந்தது.

"வச்சிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. எனக்கு அது போதும்."

ஒடக்கான் கரட்டில் ஏறுவதை நினைத்ததும் அவனுக்கு அந்த ஆவி பறந்த லத்தி ஞாபகத்துக்கு வந்தது. பாறைதானே வேண்டும், பாறைக்கு என்ன பஞ்சம் என்று அடுத்த ஞாயிறு விடிகாலையில் ஸ்கூட்டரில் மைசூரை ஒட்டிய சாமுண்டி மலைக்குப் போனான். படிக்கட்டில் பாதி தூரம் ஏறி, பக்கவாட்டில் ஒதுங்கி, ஒரு தட்டைப் பாறையைப் பிடித்தான். கல்லைச் சாய்த்து வைத்துப் பொட்டும் பூவும் வைத்து, பனி மூட்டத்தோடு ஒரு படம் எடுத்தான். ஒரு குரங்கு வந்து பூவைத் தின்றது. தருண் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான் என்று மகேந்திரன் நினைத்துக்கொண்டான். கல்லை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டு இறங்கினான்.

படம் மோகனப்ரியாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ரொம்பப் பிடித்ததுதான் ஆபத்தாகிவிட்டது. அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டிவிட்டு, மகேந்திரனையும் வினிதாவையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.

போனில் நகம் அளவுக்கு இருந்த மூலை, சுவரில் உள்ளங்கை அளவுக்கு விரிந்திருந்தது. அங்கே பனிக்கு நடுவில், வெள்ளை வெளேரென்று ஒரு கட்டடம். நடுவில் உருண்டையாக ஒரு குவிமாடம்.

தருணின் மகள் ஸ்வாதி பி.யூ.சி. படிக்கிறவள். தமிழைவிடக் கன்னடம்தான் அவளுக்கு வாயில் சுலபமாக வரும்; 'இல்லையா' என்று கேட்க 'அல்வா' என்பாள். அவள் படத்துக்குக் கிட்டே போய் நின்றாள்.

"அங்கிள், இது லலித மஹால் அல்வா?"

சாமுண்டி மலையடியில் இருக்கும் அந்த அரண்மனையை மைசூரில் பிறந்த கைக்குழந்தைகூட லலித மஹால் இல்லை என்று சொல்லாது. மகேந்திரனுக்கு வாயிலிருந்த பாயசம் இறங்கவில்லை.

"ஆமாம்மா" என்றான். "வானம் தெளிவா இருந்தா அங்கேருந்து தெரியும்."

"ஒடக்கான் கரட்லேருந்தா? நூறு கிலோமீட்டருக்கு மேல ஆகும் அங்கிள்."

"உயரம்மா. உயரத்துலேருந்து பாத்தா எல்லாம் கிட்டத்துல தெரியும்."

ஸ்வாதிக்குப் பாடத்தில் இயற்பியல் உண்டு. அவள் அவனையே பார்த்தாள். அவன் ஊறுகாயைப் பார்த்தான். அந்த வீட்டில் எப்போதும் நெல்லிக்காய் ஊறுகாய்தான்.

மோகனப்ரியாதான் மெல்லப் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் குரல் தழுதழுத்தது. "ஸ்வாதி, அப்பா அங்க உக்காந்து நம்ம ஊரைத்தான் பாத்திருக்கார். நம்ம வீட்டைத்தான் பாத்திருக்கார். நான் என்னடான்னா இங்க உக்காந்து அவரைத் திட்டிட்டு இருந்திருக்கேன்."

வினிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணா" என்றாள் மோகனப்ரியா. "வருஷ திதி அன்னிக்கு நானும் மேல வர்றேன். அவர் உக்காந்த இடத்துல ஒரு தடவை உக்காந்து, அங்கேருந்து மைசூரைப் பாக்கணும். அதுக்கப்புறம் நான் எதுக்கும் அழமாட்டேன்."

"ஐயோ, அங்க யானை வரும்மா!"

"அவர் போனாரே? நீங்க போறீங்களே?"

"ஏத்தம் கடுமையா இருக்கும்."

"பழகிக்கறேன். நாளையிலேருந்து சாமுண்டி படி ஏறப் போறேன்."

மகேந்திரன் படம் எடுத்த பாறை அந்தப் படிக்கட்டுப் பக்கம்தான் இருந்தது. அவள் சொன்னதைச் செய்கிறவள். தினமும் காலையில் படி ஏறினாள். அவன் வேண்டாத தெய்வம் இல்லை. ஒரு நாள் மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, இன்னிக்குப் படிக்கட்டுல கால் வலிச்சுதுன்னு கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு பாறையில உக்காந்தேன். அப்படியே அவர் பாறை மாதிரியே இருந்துச்சு. அங்கேருந்தும் லலித மஹால் தெரியுது! எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. கொஞ்ச நேரம் அங்கேயே உக்காந்து அழுதுட்டு வந்தேன்."

மகேந்திரன் போனை வைத்தான். இது வேடிக்கையாக இல்லை. ஒரு பெண் ஒரு பொய்யின் மேல் சாய்ந்துகொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிறாள்; அந்தப் பொய்யைத் தூக்கி நிறுத்தியவன் அவன். அது விழுந்தால் பாறை மட்டும் விழாது. 'உன்னைப் பத்தித்தான் பேசுவான்' என்ற வார்த்தையும் சேர்ந்து விழும். அதை மட்டும் எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று நினைத்தான். காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. நிஜமாகவே ஏறி, நிஜமாகவே ஒரு பாறையைக் கண்டுபிடித்து, கல்லை அங்கே வைத்துவிட வேண்டும்.

திதிக்கு முந்தைய ஞாயிறு தனியாகப் போனான். லிங்கப்பன் கடையில் டயரில் காற்றை இறக்கினான்.

"பெஞ்சைத் துடைச்சு வைக்கட்டுங்களா சார்?" என்றான் லிங்கப்பன்.

"வேணாம். இன்னிக்கு ஏறப் போறேன்."

லிங்கப்பன் டீ வடிகட்டியைக் கீழே வைத்தான். "எதுங்க சார்? உடம்பு கிடம்பு சரியில்லைங்களா?"

முதல் வளைவு வரை மிதித்தான். அப்புறம் தள்ளினான். அப்புறம் சைக்கிள்தான் அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தது என்று சொல்ல வேண்டும். முதுகுப் பையில் தருணின் கல் கனத்தது. ஒவ்வொரு மூங்கில் சலசலப்புக்கும் நின்று சாமியைக் கும்பிட்டான். யானை ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் ஓடத் தெம்பு இருந்திருக்காது. நடுவில் ஒரு இடத்தில் உட்கார்ந்து, இந்த ஏற்றத்தைச் சட்டை கசங்காமல் ஏறியவனை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

கடைசியில் உச்சி வந்தது.

உச்சியில் ஒன்றுமில்லை. ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடிப் புதர் மண்டிக் கிடந்தது. பாறை என்று சொல்ல ஒரு அம்மிக்கல் அளவுக்குக் கூட எதுவும் இல்லை. புதருக்கு மேலே எட்டிப் பார்த்தால் இதைவிட உயரமான இன்னொரு குன்றின் முதுகு தெரிந்தது. மைசூர் தெரியவில்லை. கௌதள்ளியே தெரியவில்லை. நெல்லி மரமாவது இருக்கும் என்று சுற்றிச் சுற்றித் தேடினான். அதுவும் இல்லை.

"இதைப் பாக்கவாடா நாலு வருஷம் ஏறினே?" என்று மகேந்திரன் வாய்விட்டுக் கேட்டான். கேட்டதும் அழுகை வந்துவிட்டது. அந்தப் புதருக்கு நடுவில் உட்கார்ந்து, நண்பன் செத்த நாளில் அழாத அழுகையெல்லாம் அழுதான். பிறகு எழுந்து, செடிகளைக் கையால் பிடுங்கி, கை கால் எல்லாம் முள் கிழிக்க, ஒரு பாய் அளவுக்கு இடத்தைச் சுத்தம் செய்தான். மண்ணைக் குவித்து மேடாக்கி அதன் மேல் கல்லை நட்டான். பாறை மழையில் புதைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். மைசூருக்கு என்ன சொல்வது? அன்றைக்குப் பனி கொட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். அதைத் தவிர அவனிடம் வேறு திட்டம் இல்லை.

திதி அன்று வானம் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு துணுக்கு மேகம் இல்லை. வினிதாவோடு எல்லாரும் காரில் ஏறும்போது ஸ்வாதியின் கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கியது.

"இது எதுக்கும்மா?" என்று மகேந்திரன் கேட்டான்.

"மைசூர் பாக்க அங்கிள்" என்றாள் ஸ்வாதி, கொஞ்சமும் சிரிக்காமல்.

மோகனப்ரியா தருணின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். கௌதள்ளியைத் தாண்டும்போது மகேந்திரனுக்குச் சட்டென்று இன்னொன்று உறைத்தது. லிங்கப்பன் கடை வழியாகப் போனால் அவன் பெஞ்சைத் துடைப்பான். துடைத்துவிட்டு, ஆட்டோ எடுக்கட்டுமா என்று கேட்பான்.

"இந்தப் பக்கம் ஏத்தம் ஜாஸ்தி" என்றான். "கரட்டூர் பக்கத்துலேருந்து ஏறலாம். பொம்பளைங்களுக்கு அதுதான் சுலபம்."

தன் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டே காரைச் சுற்றி ஓட்டினான்.

கரட்டூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு ஓட்டு வீடு. முன்னால் டீக்கடை, பக்கத்தில் கயிற்றுக் கட்டில், பின்னால் மரங்கள். தருணோடு திரும்பும் நாட்களில் மகேந்திரன் அந்தக் கடைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. நின்றால் யாராவது மலையைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பார்கள் என்று பயம். இன்றைக்கும் நிற்காமல் நடக்கத்தான் பார்த்தான்.

"அம்மா, நெல்லிக்காய்!" என்றாள் ஸ்வாதி. "அப்பா கொண்டு வர்ற மாதிரியே இருக்கு."

கடை முன்னால் ஒரு முறத்தில் நெல்லிக்காய் குவிந்திருந்தது. கடைக்குப் பின்னால் இருந்த மரமும் காய்த்துத் தொங்கியது. மகேந்திரனுக்கு மனதில் எதுவோ இடறியது. ஆனால் அப்போது அவனுக்கு இருந்த பயத்தில் அது என்னவென்று நின்று யோசிக்க முடியவில்லை.

கடைக்காரம்மா பூவாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மோகனப்ரியாவின் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். படத்துக்குப் போட்டிருந்த சந்தன மாலையையும் பார்த்தாள்.

"ஐயோ சாமி" என்று அப்படியே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வருசமா ஆளைக் காணமே, வேற ஊருக்கு மாத்திப்போட்டாங்களோன்னு இருந்தேனுங்க. சிரிச்ச மொகமா இருப்பாருங்களே தம்பி."

"உங்களுக்கு அவரைத் தெரியுமா?" என்றாள் மோகனப்ரியா.

"தெரியாம என்னுங்க? நீங்கதான் ப்ரியாங்களா?"

மோகனப்ரியா திகைத்துப்போய்த் தலையாட்டினாள்.

"எங்க ப்ரியா ஊறுகா போட்டான்னா வருசம் ஆனாலும் கெடாதுக்கான்னு சொல்லிச் சொல்லித்தான் காய் வாங்கிட்டுப் போவாரு. ப்ரியா அப்பிடி, ப்ரியா இப்பிடி, நேத்து ப்ரியா என்னை இப்பிடித் திட்டுனாள்னு சிரிப்பாரு. வேற பேச்சே கெடையாதுங்க அவருக்கு."

மோகனப்ரியா படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஸ்வாதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மகேந்திரனுக்குக் கடவுள் இருக்கிறார் என்று தோன்றியது. அவன் சொன்ன பொய் அவனுக்குத் தெரியாமலேயே உண்மையாக இருந்திருக்கிறது! இனி பாறை இல்லாவிட்டால் என்ன, மைசூர் தெரியாவிட்டால் என்ன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வருஷத்தில் முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டான்.

"மலையிலேருந்து இறங்கி வந்து இங்கதான் உக்காருவாரா?" என்று கேட்டாள் மோகனப்ரியா.

பூவாத்தாள் மகேந்திரன் பக்கம் திரும்பினாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"இவருதானுங்களே மகேந்திரன் சாரு?"

விட்ட மூச்சு அப்படியே நின்றது. லிங்கப்பன் இவளுக்குச் சொந்தமாக இருப்பானோ? இந்தப் பக்கத்தில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்தானே! மூங்கில் புதருக்குப் பின்னால் ஆட்டோ நின்றதை இவள் பார்த்திருக்கிறாள். வாராவாரம் பார்த்திருக்கிறாள்.

"ஆமா" என்றான், தனக்கே கேட்காத குரலில்.

"உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு தம்பி எங்கிட்டச் சத்தியம் வாங்கிப்போட்டாருங்க சார். ஆளே போயிட்டாரு, இனிமே மறைச்சு என்ன ஆகப்போவுது."

பூவாத்தாள் எழுந்து வந்தாள். வினிதா, மோகனப்ரியா, ஸ்வாதி மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆக, தருணுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. மகேந்திரன் கண்ணை மூடிக்கொண்டான். வரட்டும், இன்றோடு முடியட்டும் என்று தலையைக் குனிந்து நின்றான்.

பூவாத்தாள் அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தம்பி ஒரு நாளும் மலை ஏறுனதில்லீங்க சார், சோளக்காட்டு வழியா சுத்திக்கிட்டு நேரா இங்க வந்து இந்தக் கட்டில்ல உக்காந்துக்குவாரு, 'எனக்கு ஆனைன்னாலே உசுரு போயிருமுக்கா, எங்கூட்டாளி மகேந்திரன்தான் ஒத்தையாளா ஏறி எறங்கி வாரான், அவன் மொகத்தைப் பாக்குற வரைக்கும் எனக்கு டீ கூட எறங்காது'ன்னு சொல்லிப்போட்டு, நீங்க வர்ற வரைக்கும் அந்தக் கரட்டையே கண்ணெடுக்காம பாத்துட்டு இருப்பாருங்க!"